மறுசுழற்சி நீருக்கும் பழைய கிணறுகளுக்கும் மானியம் கேட்கிறது எங்கள் நகராட்சி: ஏரியா சபையில் என்ன கேட்கலாம்?

பாலாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர், ஆகஸ்ட் 2023)

எல்லோருக்கும் வணக்கம். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு நகராட்சியில் இருக்கிறேன். மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. குடிநீரில் பெரும்பகுதி பாலாற்று மணலில் இறக்கியிருக்கும் உறிஞ்சு கிணறுகளிலிருந்து வருகிறது. மீதிக்கு ஊருக்குள் போர்வெல்களும் கொஞ்சம் பொதுக்கிணறுகளும் இருக்கின்றன. மே மாதம் வந்தால் லாரித் தண்ணீர்தான்.

போன மன்றக் கூட்டத்தில், நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்கு மத்திய அரசு பணம் தரும் அம்ருத் 2.0 திட்டத்தில் மானியம் கேட்டு ஒரு தீர்மானம் போட்டிருக்கிறார்கள். இரண்டு வேலைகளை ஒரே கோப்பில் கட்டியிருக்கிறார்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியே போகும் நீரை இன்னும் ஒரு படி சுத்தம் செய்து தொழிற்பேட்டைக்கு விற்பது, மிச்சத்தை ஏரியில் விடுவது. இது முதல் வேலை. பழைய கிணறுகளைச் சீர்செய்வது இரண்டாவது. தீர்மானத்தில் முதல் வேலைக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார்கள், கிணறுகளுக்கு நான்கு வரி.

நான் திட்டத்தை எதிர்க்கவில்லை. ஆற்றில் மணலும் இல்லை, தண்ணீரும் இல்லை என்ற நிலையில் கழிவுநீரைத் திரும்பப் பயன்படுத்தாமல் இனி எந்த ஊரும் பிழைக்க முடியாது. ஆனால் இருக்கிற சுத்திகரிப்பு நிலையமே ஒழுங்காக ஓடுகிறதா என்பது எங்களுக்குத் தெரியாது. கால்வாய்ப் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்குமேல் இன்னொரு நிலையம் கட்டினால் அது எதைச் சுத்தம் செய்யும்?

அடுத்த மாதம் எங்கள் வார்டில் ஏரியா சபை, அதாவது பகுதி மக்கள் கூட்டம். உருப்படியான கேள்விகளோடு போக விரும்புகிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

தம்பி, முதலில் பணம் எப்படி வருகிறது என்று பார்த்துவிடுங்கள். அம்ருத் 2.0-ல் மத்திய அரசின் பங்கு ஊரின் அளவைப் பொறுத்தது. ஒரு லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை என்றால் திட்டச் செலவில் பாதி. ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை மூன்றில் ஒரு பங்கு. பத்து லட்சத்துக்கு மேல் கால்வாசி. உங்கள் ஊர் நடுவில் வருகிறது. அதையும் மொத்தமாகத் தரமாட்டார்கள். 20, 40, 40 சதவீதம் என்று மூன்று தவணை.

30 கோடி ரூபாய்த் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். டெல்லியிலிருந்து வருவது 10 கோடி. முதல் தவணை 2 கோடி. மீதி 20 கோடியை மாநில அரசும் நகராட்சியும் போட வேண்டும். நகராட்சியின் பங்குக்குப் பெரும்பாலும் கடன்தான் வாங்குவார்கள். அந்தக் கடனைச் சொத்து வரியிலிருந்தும் குடிநீர்க் கட்டணத்திலிருந்தும்தான் கட்ட வேண்டும். ஊரில் ‘மானியம்’ என்று சொல்லும்போது முழுப் பணமும் இலவசம் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. அதை முதலில் சபையில் தெளிவாகச் சொல்லுங்கள்.

நிலம் வாங்கும் செலவும் ஊழியர் சம்பளமும் மானியத்தில் சேராது. மாதாமாதம் வரும் மின் கட்டணத்தை எந்த மானியமும் கட்டாது.

மணலி பகல் ஷிஃப்ட்

மணலியில் ஒரு ஆலையின் தண்ணீர்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாங்குகிற பக்கத்தில் நிற்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்.

சென்னை கொடுங்கையூரில் 2019-ல் 45 எம்.எல்.டி. மூன்றாம் நிலை ஆர்.ஓ. நிலையம் வந்தது. ஏற்கெனவே சுத்திகரித்த கழிவுநீரைச் சவ்வு வழியாக அழுத்தி உப்பையும் நீக்கும் நிலையம் அது. ஒரு எம்.எல்.டி. என்றால் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர், ஆக நாலரைக் கோடி லிட்டர். கோயம்பேட்டிலும் அதே அளவில் ஒன்று கட்டினார்கள். அங்கிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் குழாய் போகிறது. இந்த நிலையங்களைக் காட்டித்தான் இப்போது எல்லா ஊரிலும் திட்ட அறிக்கை எழுதுகிறார்கள்.

ஆனால் அவற்றுக்கு முந்தைய கதையை யாரும் எழுதுவதில்லை. சென்னை பெட்ரோலியமும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸும் 1990-களிலேயே குடிநீர் வாரியத்திடம் சுத்திகரித்த கழிவுநீரை வாங்கித் தங்கள் வளாகத்துக்குள்ளேயே ஆர்.ஓ. போட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. நன்னீர் கிடைக்காது என்று ஆலைகளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதாவது நிலையம் கட்டுவதற்கு இருபது வருடம் முன்பே வாடிக்கையாளர் தயார். நாக்பூரிலும் அப்படித்தான். கொராடி அனல்மின் நிலையத்துக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது, மாநகராட்சியிடம் கழிவுநீர் இருந்தது, ஒப்பந்தம் போட்ட பிறகு 130 எம்.எல்.டி. நிலையம் கட்டினார்கள்.

உங்கள் தொழிற்பேட்டையில் யார் வாங்கப் போகிறார்கள்? கையெழுத்து போட்டிருக்கிறார்களா? லிட்டருக்கு என்ன விலை, எத்தனை வருடம், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் குறைந்தபட்சத் தொகை கட்டுவார்களா? போர்வெல் தண்ணீர் மின்சாரச் செலவில் மட்டும் கிடைக்கும்வரை எந்தச் சின்ன ஆலையும் சுத்திகரித்த நீரைக் காசு கொடுத்து வாங்காது. ‘ஆர்வம் தெரிவித்துள்ளனர்’ என்று திட்ட அறிக்கையில் ஒரு வரி இருக்கும். அதை வைத்து எந்தப் பம்பையும் ஓட்ட முடியாது.

இன்னொன்று. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். கழிவுநீர் வறட்சியிலும் வந்துகொண்டே இருக்கும் என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. குழாயில் விடும் தண்ணீரைக் குறைத்தால் சாக்கடையில் வருவதும் குறையும். உங்கள் ஊரில் மே மாதம் எவ்வளவு கழிவுநீர் நிலையத்துக்கு வருகிறது என்ற கணக்கைக் கேளுங்கள். வருடச் சராசரியைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பாலாற்றங்கரை

மிகவும் பயனுள்ள பதில் அண்ணா. வாங்குபவர் பெயர் தீர்மானத்தில் எங்கும் இல்லை. ‘அருகிலுள்ள தொழிற்சாலைகள்’ என்றுதான் இருக்கிறது.

வால்வு ரூம்

ஓய்வு பெற்ற பொறியாளர். குடிநீர்த் திட்டங்களில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போனது. கிணறுகளுக்கு எழுதிய அந்த நான்கு வரியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பாலாற்று உறிஞ்சு கிணறு என்பது மணலுக்குள் இறக்கிய பெரிய கான்கிரீட் கிணறு. அடியில் பக்கவாட்டில் துளையிட்ட குழாய்களை மணலுக்குள் செலுத்தியிருப்பார்கள். மணலில் ஊறிய தண்ணீரை அந்தக் குழாய்கள் கிணற்றுக்குள் கொண்டுவரும். ஆற்றில் மேலே நீரோட்டம் இல்லாத மாதங்களிலும் தண்ணீர் கிடைப்பது இதனால்தான். இரண்டு விஷயங்கள் இதைக் கெடுக்கின்றன. குழாய்த் துளைகளில் நுண்மண்ணும் இரும்புப் படிவும் அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்தால் ஊற்று திரும்பக் கூடும். மற்றொன்று மணல் அள்ளுவது. படுகை இறங்கிவிட்டால் தண்ணீரைத் தாங்கும் மணலே போய்விடுகிறது. அதற்கு எந்த மானியத்திலும் மருந்து கிடையாது. உங்கள் கிணறுகள் எந்த வகை நோயில் இருக்கின்றன என்று யாராவது பார்த்தார்களா?

பார்ப்பதற்கு வழி உண்டு, செலவும் குறைவு. ஒவ்வொரு கிணற்றிலும் நீர் இறைப்புச் சோதனை செய்ய வேண்டும். ஒரே சீராகப் பம்பை ஓட்டி, மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்திய பிறகு எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று எழுதிவைக்க வேண்டும். கிணறு தோண்டிய காலத்தில் இதே சோதனை செய்திருப்பார்கள். பழைய பதிவேட்டில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கதை தெரிந்துவிடும். போர்வெல் என்றால் கேமரா இறக்கிக் கேசிங் (உள்சுவர்க் குழாய்) எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்கலாம். கம்ப்ரசர் வைத்து ஃபிளஷ் செய்தாலே பல போர்வெல்கள் பிழைத்துக்கொள்ளும். இதையெல்லாம் செய்யாமல் ‘புதிய ஆழ்துளைக் கிணறு 12 எண்ணிக்கை’ என்று மதிப்பீடு போடுவதுதான் வழக்கம். ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் நிலத்தடி நீரில் இன்னும் 12 ஓட்டை.

பொதுக்கிணறுகளை லேசாக எண்ணாதீர்கள். ஆழமில்லாத கிணறு மேல்மட்ட நீரைத்தான் எடுக்கும். நல்ல மழை பெய்தால் அந்த மட்டம் சீக்கிரம் ஏறிவிடும். ஆயிரம் அடி போர்வெல்லுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அம்ருத் 2.0-லேயே மேல்மட்ட நீர்த்தாங்கிகளை, அதாவது நிலத்தடியில் தண்ணீர் தேங்கும் மேல் அடுக்குகளைப் பேணுவதற்குப் பத்து நகரங்களில் முன்னோடித் திட்டம் எடுத்திருக்கிறார்கள். சென்னையும் அதில் உண்டு. உங்கள் ஆணையரிடம் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

பெல்லந்தூர் தமிழ்

பெங்களூரிலிருந்து எழுதுகிறேன். ‘மிச்சத்தை ஏரியில் விடுவது’ என்ற வரியைப் பார்த்ததும் பதில் போட வேண்டும் என்று தோன்றியது.

2018-ல் இங்கே கே.சி. வேலித் திட்டம் தொடங்கியது. பெங்களூரின் கழிவுநீரை இரண்டாம் நிலை வரை (நுண்ணுயிர்களை வைத்து அழுக்கைக் குறைக்கும் கட்டம் வரை) சுத்திகரித்து, 440 எம்.எல்.டி. அளவில் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்பும் திட்டம். ஒரு ஏரி நிரம்பி வழிந்தால் அடுத்த ஏரி. நம் ஊர் ஏரிச் சங்கிலி மாதிரியேதான். கோலாரில் ஆயிரம் அடிக்கு மேல் தோண்டியும் தண்ணீர் கிடைக்காத கிராமங்கள் உண்டு. அங்கே ஏரிகளில் தண்ணீர் நின்றதும் கிணறுகளும் போர்வெல்களும் ஊறத் தொடங்கின. அந்த மக்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கிருந்து சொல்லிவிட முடியாது.

ஆனால் தொடங்கிய ஒன்றிரண்டு மாதத்திலேயே, 2018 ஜூலையில், ஏரியில் நுரை பொங்கியது. உயர் நீதிமன்றம் தடை போட்டது. அப்புறம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தண்ணீர் வந்ததும் உண்மை, பயம் வந்ததும் உண்மை. இரண்டாம் நிலையோடு நிறுத்தியது ஏன், கிணற்று நீரைத் தொடர்ந்து சோதிப்பது யார், அந்த முடிவுகள் கிராமத்துக்குத் தெரிகிறதா என்ற கேள்விகள் இன்றும் கேட்கப்படுகின்றன.

ஏரியில் விட்டால் அது கிணற்றில் விட்டதற்குச் சமம்தான். கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே கிணறுகள் விஷயத்தில் ஒரு நல்ல காரியமும் நடக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் சமூகத்தாரை வைத்துக் கப்பன் பூங்காவின் பழைய கிணறுகளைத் தூர் வாரி உயிர்ப்பித்தார்கள். உங்கள் பக்கமும் அப்படிப்பட்ட குடும்பங்கள் இருப்பார்கள். ஒப்பந்ததாரர் ஜே.சி.பி.யோடு வருவதற்கு முன்னால் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கிணற்றைக் காட்டுங்கள்.

ஏரிக்கரைத் தெரு

நானும் அதே நகராட்சிதான். பாலாற்றங்கரை சொல்கிற ஏரிக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் தெரு.

எங்கள் தெருவில் 25 லிட்டர் கேன் வாங்க முடியாத வீடுகள்தான் அதிகம். குழாயில் வாரம் இரண்டு நாள் தண்ணீர். மற்ற நாளெல்லாம் பொதுக்கிணறுதான். குளிக்க, துவைக்க, பல வீடுகளில் குடிக்கவும். அந்தக் கிணறு ஏரிக்கரையிலிருந்து நூறு அடி தூரம் கூட இருக்காது. ஏரியில் தண்ணீர் ஏறினால் கிணற்றில் ஏறும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.

இப்போது ஏரியில் விடப் போவது சுத்திகரித்த நீர் என்கிறார்கள். எவ்வளவு சுத்தம்? யார் சோதிப்பார்கள்? ஒரு நாள் மிஷின் நின்றுபோனால் அன்றைக்கும் ஏரிக்குத்தானே விடுவார்கள்? எங்களுக்குச் சொல்வார்களா? திட்டத்தைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் வந்து பேசவே இல்லை. இந்த இழையைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

தென்னந்தோப்பு

எல்லோரும் சொல்வது சரிதான். ஆனால் நடைமுறையைப் பாருங்கள். இத்தனை கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் பக்கத்து நகராட்சி அறிக்கையை முதலில் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடும். முதலில் மானியத்தை வாங்குவோம், குறைகளை அப்புறம் சரிசெய்துகொள்ளலாம். கட்டிய நிலையத்தைத் திருத்தலாம். கட்டாத நிலையத்தை என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை

தென்னந்தோப்பு, உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. கோப்பு ஒரு வருடம் தூங்கினால் மதிப்பீட்டுத் தொகை ஏறிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் நான் கணக்குப் பிரிவில் இருந்தவன். கட்டி முடித்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன்.

ஆர்.ஓ. நிலையத்தின் சவ்வுகளைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ரசாயனம் தினமும் வேண்டும். மின்சாரம் இடைவிடாமல் வேண்டும். முதல் சில வருடங்கள் ஒப்பந்ததாரர் பராமரிப்பார். அதன்பின் பில் நகராட்சிக்கு வரும். நகராட்சி சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்குக் கட்டணம் எல்லாம் கட்டிய பிறகுதான் இதைப் பார்க்கும். பணம் குறையும் மாதத்தில் முதலில் நிறுத்தப்படுவது யாரும் கண்ணால் பார்க்காத இயந்திரம்தான். அப்போது ஏரிக்குப் போவது என்ன தண்ணீர்? ஏரிக்கரைத் தெரு அக்கா கேட்ட கேள்வி அதுதான்.

தாமதப்படுத்தச் சொல்லவில்லை. கோப்பைப் பிரித்துப் போடச் சொல்கிறேன். கிணறுகளுக்குத் தனி மதிப்பீடு, தனிக் கோப்பு. அதற்கு வாங்குபவரும் வேண்டாம், ஒப்பந்தமும் வேண்டாம். இந்த வருடமே தொடங்கலாம். பதினைந்தாவது நிதிக்குழு மானியத்திலும் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கென்றே கட்டுப்பட்ட ஒரு பங்கு உங்களைப் போன்ற ஊர்களுக்கு உண்டு. அந்தப் பணம் எதில் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். மறுசுழற்சி நிலையத்தை, வாங்குபவர் கையெழுத்தோடு அடுத்து அனுப்பட்டும்.

மீஞ்சூர் வயல்

கிணறு கெட்டால் எத்தனை தலைமுறைக்குத் திரும்பாது என்று எங்கள் ஊரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் 1960-களிலிருந்து சென்னைக்காக ஒரே பகுதியில் கூட்டமாகக் கிணறுகள் போட்டு இறைத்தார்கள். 1969-ல் கடற்கரையிலிருந்து 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்த கடல் உப்புநீர் 1987-ல் 9 கிலோமீட்டர் வந்துவிட்டது. நெல் போட்ட நிலத்தில் இன்று கிணற்று நீரை வாயில் வைக்க முடியவில்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டியிலும் இதே பிரச்சினைதான் இருந்தது. அவர்கள் 1970-களில் கடலோரத்தில் வரிசையாகக் கிணறு போட்டு, நன்றாகச் சுத்திகரித்த கழிவுநீரை உள்ளே செலுத்திக் கடல்நீரைத் தடுத்து நிறுத்தினார்கள். 2008-லிருந்து நுண்வடிகட்டல், ஆர்.ஓ., புறஊதாக்கதிர் மூன்றையும் தாண்டிய நீரைத்தான் நிலத்துக்குள் விடுகிறார்கள். இப்போது நாளுக்கு ஏறக்குறைய 49 கோடி லிட்டர். எங்கள் பக்கம் அப்படி ஒன்று வராதா என்று ஒவ்வொரு கோடையிலும் நினைத்துக்கொள்கிறேன்.

அதனால் மறுசுழற்சி நீரைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. அரைகுறையாகச் செய்வதைக் கண்டுதான் பயப்பட வேண்டும்.

வால்வு ரூம்

மீஞ்சூர்க்காரர் சொன்னதில் ஒரு எச்சரிக்கையைச் சேர்க்கிறேன். ஆரஞ்சு கவுன்டியைக் காட்டி, ‘பாழடைந்த போர்வெல்லில் சுத்திகரித்த நீரை இறக்கி நிலத்தடி நீரைப் பெருக்கலாம்’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். அவ்வளவு தூரம் சுத்திகரிக்காத நீரை ஒருபோதும் போர்வெல் வழியாக விடக் கூடாது. ஏரி மண் வழியாக மெதுவாக இறங்கும்போது மண் கொஞ்சமாவது வடிகட்டும். போர்வெல் நேரே நீர்த்தாங்கிக்குக் கொண்டுபோய்விடும். கெட்டால் எடுக்க வழியில்லை. மண்ணாலும் தடுக்க முடியாதவை இருக்கின்றன. நைட்ரேட்டும் உப்பும் அப்படியே இறங்கிவிடும். ஒருமுறை வீட்டுக்குள் போய் வரும் தண்ணீரில் உப்பு ஏறித்தான் வரும். அதைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால் கிணறு உவர்த்துப்போகும்.

ஏரிக்கரைத் தெரு அம்மாவுக்கு: உங்கள் கிணற்று நீரை இப்போதே, ஒரு சொட்டு விடுவதற்கு முன்பே, சோதித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, அதில் தளர்வே கிடையாது. கரைந்த உப்புகள் 500 வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை. கோலிஃபார்ம் பாக்டீரியாவையும் பார்க்க வேண்டும். இன்றைய கணக்கு கையில் இல்லாவிட்டால், நாளைக்குக் கெட்டுப்போனது என்று நீங்கள் சொல்லும்போது ‘முன்பே அப்படித்தான் இருந்தது’ என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னும் ஒன்று, இது மிக முக்கியம். தூர் வாரக் கிணற்றில் ஆளை இறக்கும்போது காற்றைச் சோதிக்காமல் இறக்கக் கூடாது. பல வருடம் மூடிக்கிடந்த கிணற்றில் ஆக்சிஜன் இருக்காது. விஷவாயுவும் தேங்கியிருக்கலாம். முதலில் இறங்கியவர் மயங்க, காப்பாற்ற இறங்கியவரும் இறந்த செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். காற்றுச் சோதனை, உள்ளே காற்று ஊதும் கருவி, இடுப்புக் கயிறு, மேலே ஆள் எல்லாம் ஒப்பந்தத்திலேயே, விலைப்பட்டியலோடு இருக்க வேண்டும். விலைப்பட்டியலில் இல்லாததை ஒப்பந்ததாரர் கொண்டுவர மாட்டார்.

தென்னந்தோப்பு

கோப்பைப் பிரிக்கலாம் என்றால் எனக்கும் சம்மதம்தான். கிணறுகளுக்குப் பணம் வருவது தள்ளிப்போகக் கூடாது என்பதுதான் என் கவலை.

பாலாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. சபையில் கொடுக்க மனு எழுதத் தொடங்கிவிட்டேன். இதுவரை எழுதியது:

“கிணறுகளின் சீரமைப்பைத் தனிக் கோப்பாக உடனே அனுப்ப வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு கிணற்றிலும் நீர் இறைப்புச் சோதனை செய்து, முடிவை வார்டு வாரியாக வெளியிட வேண்டும். புதிய போர்வெல் கேட்கும் இடத்தில் பழையதை ஏன் மீட்க முடியாது என்று எழுதித் தர வேண்டும். மறுசுழற்சித் திட்டத்தில் வாங்கும் ஆலைகளின் பெயர், அளவு, விலை, காலம் ஆகியவை கையெழுத்தான ஒப்பந்தமாக இணைக்கப்பட வேண்டும். பத்து வருட இயக்கச் செலவு எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று மன்றம் தீர்மானம் போட வேண்டும். நிலையம் நிற்கும் நாட்களில் நீர் ஏரிக்குப் போகாமல் தடுக்கும் ஏற்பாடு வரைபடத்திலேயே இருக்க வேண்டும். ஏரியைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீர் மாதாமாதம் சோதிக்கப்பட வேண்டும்.”

ஆர்.ஓ. போட்டால் கழிவாக வரும் உப்பு நீரை எங்கே விடுவார்கள் என்ற கேள்வியையும் சேர்க்கலாமா?

மணலி பகல் ஷிஃப்ட்

கட்டாயம் சேருங்கள். நான்கு குடம் உள்ளே போனால் மூன்று குடம் நல்ல நீராக வரும், ஒரு குடம் கழிவு நீர். உள்ளே போன உப்பில் கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரு குடத்தில் இருக்கும். கடலோர ஊருக்குக் கடல் இருக்கிறது. உங்களுக்கு ஆறுதான் இருக்கிறது. அதை ஆற்றில் விட்டால், கீழே இருக்கும் உறிஞ்சு கிணற்றுக்கே அது திரும்பி வரும். குளிர்விப்புக்கும் தோட்டத்துக்கும் மட்டும் வாங்கும் ஆலைகள் என்றால் ஆர்.ஓ. வேண்டாம். நுண்வடிகட்டலும் கிருமி நீக்கமும் போதும் என்று அவர்களே சொல்லக்கூடும். செலவும் குறையும், உப்புக் கழிவும் வராது. அதனால்தான் வாங்குபவரை முதலில் கேட்கச் சொன்னேன். அவருக்கு என்ன தரம் வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் என்ன நிலையம் கட்டுவது என்றே தெரியும்.

ஏரிக்கரைத் தெரு

மனுவில் ஒரு வரி என் சார்பில் சேர்க்க வேண்டும். சோதனை முடிவை இணையத்தில் போட்டால் எங்கள் தெருவில் யாரும் பார்க்க மாட்டார்கள். ரேஷன் கடைச் சுவரிலும் கிணற்றடியிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். குடிக்கலாமா கூடாதா என்று தெளிவாக ஒரு வரி போதும். கூட்டத்துக்கு எங்கள் தெருப் பெண்களை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வைத்தால்தான் வேலைக்குப் போகிறவர்கள் வர முடியும். அதையும் வார்டு உறுப்பினரிடம் சொல்லுங்கள்.

வால்வு ரூம்

கூட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது தம்பி. இப்போதிருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தின் லாக் புத்தகத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய்தான் கட்டணம். கடந்த ஒரு வருடத்தில் தினமும் எவ்வளவு கழிவுநீர் உள்ளே வந்தது, கழிவுநீருக்குள் காற்றை ஊதும் ஊதுபம்பு எத்தனை மணி நேரம் ஓடியது, வெளியே போன நீரின் பி.ஓ.டி. (மிச்சமிருக்கும் கரிம அழுக்கைக் காட்டும் அளவு) எவ்வளவு, மாதாந்திர மின் கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், அதனால் இந்த வாரமே போடுங்கள். மின் கட்டண பில்லைக் கட்டாயம் கேளுங்கள். லாக் புத்தகத்தில் 24 மணி நேரம் ஓடியதாக எழுதியிருந்தாலும், மோட்டார் நின்ற மாதம் பில்லில் தெரிந்துவிடும். பதில் வந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து படிப்போம்.